பிரிட்டனின் சிபாரிசு அரசியல்: கோபத்தோடு எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வியின் சாரம் இது: கொரோனா காலத்தில் பிரிட்டிஷ் அமைச்சர்களுக்கு வேண்டப்பட்டவர்களுக்குக் கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போனது. கட்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்குப் போனார்கள். பத்திரிகைகள் முதலாளியின் மனம் கோணாமல் எழுதுகின்றன. பெரிய தலை ஒன்றும் உருளவில்லை. இவ்வளவு பழைய ஜனநாயகத்தில் இது எப்படி நடக்கிறது? அங்கே வாழும் ஒரு சாதாரண வாக்காளர் புலம்புவதைத் தவிர என்ன செய்ய முடியும்?

நீங்கள் கோபப்படுகிற விஷயங்களில் பெரும்பாலானவை அங்கே குற்றமே அல்ல. விதிமீறல் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த விதியை மீறினாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் பல இடங்களில் குற்றம் சாட்டப்பட்டவரோ, அவரை நியமித்தவரோதான் உட்கார்ந்திருக்கிறார். வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னஸி இந்த ஏற்பாட்டை ‘நல்ல மனுஷன்’ கோட்பாடு என்பார். பதவிக்கு வருபவருக்கு எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தானாகவே தெரியும் என்ற நம்பிக்கையில் கட்டிய வீடு அது. நல்ல மனுஷன் வராத அன்று பூட்டப் பூட்டு இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே நாட்டில் காகிதத் தடயம் ஏராளமாகக் கிடைக்கிறது, பெரும்பாலும் இலவசமாக. எதை எங்கே தேடுவது, எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று தெரிந்தால் நிறையத் தோண்டி எடுக்கலாம். முதலில் நோய், பிறகு வைத்தியம்.

பாதுகாப்பு உபகரண விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2020 வசந்தத்தில் மருத்துவமனைகளில் முகக்கவசமும் கவச உடையும் தீர்ந்துகொண்டிருந்தபோது 15,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ‘நாங்கள் தருகிறோம்’ என்று முன்வந்தன. இவ்வளவு கூட்டத்தைப் பிரிக்க அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. அமைச்சர்களின் அலுவலகங்கள், எம்.பி.க்கள், பிரபுக்கள், மூத்த அதிகாரிகள் சிபாரிசு செய்தவர்களுக்கென்று ஒரு தனி மின்னஞ்சல் பெட்டி, அதைப் பார்க்கத் தனிக் குழு. நம் கோயில்களில் பொது தரிசனம், சிறப்பு தரிசனம் என்று இரண்டு வரிசை இருக்குமே, அதுதான். ஒரு வித்தியாசம், இங்கே சிறப்பு வரிசை இருப்பதே வெளியில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

தேசியத் தணிக்கை அலுவலகம் 2020 நவம்பரில் எண்களை வெளியிட்டது. சிறப்பு வரிசையில் வந்த 493 பேரில் 47 பேருக்கு ஒப்பந்தம் கிடைத்தது, ஏறக்குறையப் பத்துக்கு ஒன்று. பொது வரிசையில் நின்ற 14,892 பேரில் 104 பேருக்குத்தான் கிடைத்தது, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டு ஜூலை இறுதிவரை போட்டியே இல்லாமல் நேரடியாகக் கொடுத்த ஒப்பந்தங்களின் மதிப்பு 1,050 கோடி பவுண்டு. பூச்சிக்கொல்லித் துறையிலிருந்து வந்த பெஸ்ட்ஃபிக்ஸ் என்ற நிறுவனம் சிறப்பு வரிசையில் சேர்ந்ததே தவறுதலாக என்று அந்த அறிக்கை சொல்கிறது. சிறப்பு வரிசை நிறுவனங்களின் பட்டியல் 2021 நவம்பரில்தான் வெளியே வந்தது, அதுவும் ஒரு செய்தி நிறுவனத்திடம் கசிந்த பிறகு.

இதில் போட்டி இல்லாமல் கொடுத்தது சட்டமீறல் அல்ல என்பதைக் கவனியுங்கள். 2015ஆம் ஆண்டு பொதுக் கொள்முதல் விதிகளின் 32ஆவது விதி, அதீத அவசரம் என்றால் டெண்டர் இல்லாமலே வாங்க அனுமதித்தது. ஆனால் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்ற கடமையை அவசரம் ரத்து செய்யாது. 2022 ஜனவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் இந்த இடத்தில்தான் பிடித்தது. குட் லா ப்ராஜெக்ட், எவ்ரிடாக்டர் என்ற அமைப்புகள் போட்ட வழக்கில், சிறப்பு வரிசையில் இருப்பதாலேயே ஒருவருக்கு முன்னுரிமை தந்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. தொடர்ந்து வந்த வரிதான் பலரை வெறுப்பேற்றியது. முன்னுரிமை இல்லாவிட்டாலும் அந்த ஒப்பந்தங்கள் அவர்களுக்கே கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் பரிகாரம் எதுவும் கிடையாது என்றார் நீதிபதி. அரசு தோற்றது, யாருக்கும் ஒரு காசு நட்டமில்லை.

இதற்கு ஓராண்டு முன்பு, 2021 பிப்ரவரியில், ஒப்பந்த விவரங்களை 30 நாட்களுக்குள் வெளியிடாமல் வைத்திருந்தது சட்டமீறல் என்று இன்னொரு தீர்ப்பு வந்தது. ‘சும்மா தாமதம்தானே’ என்று அமைச்சர்கள் தோளைக் குலுக்கினார்கள். அது சும்மா தாமதம் இல்லை. கொள்முதலை எதிர்த்து வழக்குப் போட, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. மற்ற அரசு முடிவுகளை எதிர்ப்பதென்றால் அதிகபட்சம் 3 மாதம், அதுவும் தாமதிக்காமல். ஒப்பந்தம் போட்டதே மாதக்கணக்கில் தெரியாவிட்டால், கோர்ட்டுக்குப் போகும் நேரத்தில் சரக்கு வந்து, பணம் பட்டுவாடா ஆகி, கிடங்கில் தூசி படிந்திருக்கும்.

நட்பை மட்டும் வைத்து வழக்கில் ஜெயிப்பது இன்னும் கடினம். பிரதமரின் தலைமை ஆலோசகராக இருந்த டொமினிக் கம்மிங்ஸுக்குப் பழக்கமானவர்கள் நடத்திய பப்ளிக் ஃபர்ஸ்ட் நிறுவனத்துக்குச் சுமார் 5.6 லட்சம் பவுண்டு ஆய்வுப் பணி போன விவகாரத்தில், பாரபட்சத் தோற்றம் இருக்கிறது என்று 2021 ஜூனில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. லஞ்சத் தடுப்புச் சட்டம் 2010 இதில் உதவாது. தவறாகச் செயல்படுவதற்குப் பிரதிபலனாக ஆதாயம் கொடுத்ததை நிரூபிக்க வேண்டும். பிரிட்டிஷ் பாணிச் சிபாரிசில் கவர் கைமாறுவதில்லை. ஒரே பள்ளி, ஒரே க்ளப், ‘என் நண்பர் ஒருவர் இருக்கிறார், கொஞ்சம் பார்’ என்று ஒரு வாட்ஸப் செய்தி. அவ்வளவுதான்.

பிபிஇ மெட்ப்ரோ கதை கொஞ்சம் வேறு மாதிரி முடிந்தது. 2015இல் அன்றைய பிரதமர் டேவிட் கேமரன் பிரபுக்கள் சபைக்கு அனுப்பிய மிஷெல் மோன் சிபாரிசு செய்த நிறுவனம் அது. பதிவானதே 2020 மே 12 அன்று. அடுத்த சில வாரங்களில் 20 கோடி பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள இரண்டு ஒப்பந்தங்கள். தொடர்பே இல்லை என்று ஆண்டுக்கணக்கில் மறுத்துவந்த மோன், 2023 டிசம்பரில் பிபிசி பேட்டியில், ஊடகங்களிடம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார். சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை என்பது அவருடைய நிலை. 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம், அறுவை அங்கிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டதற்கான நிரூபணம் இல்லை, ஒப்பந்தம் மீறப்பட்டது என்று சொல்லி சுமார் 12.2 கோடி பவுண்டைத் திருப்பித் தர உத்தரவிட்டது. தீர்ப்புக்கு முந்தைய நாள் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குள் போய்விட்டது. அதன் கணக்கில் காட்டிய நிகர சொத்து பத்து லட்சம் பவுண்டைக்கூடத் தொடவில்லை. நேற்றுப் பிறந்த, கையில் சொத்தில்லாத நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டால் தீர்ப்பை வாங்கலாம், பணத்தை வாங்க முடியாது. ஊழலா இல்லையா என்ற வாதத்தில் இந்தச் சாதாரணக் கணக்குப்பிள்ளைத் தவறு மறந்துபோகிறது.

அடுத்து, நடுவர் யார் என்ற விஷயம். அமைச்சர்களின் நடத்தை விதிகளுக்குப் பிரதமரே இறுதி நீதிபதி, ஆலோசனை சொல்ல ஓர் ஆலோசகர் மட்டும் உண்டு. உள்துறை அமைச்சர் ப்ரீத்தி படேல் ஊழியர்களை நடத்திய விதம் விதிமீறல் என்று 2020இல் ஆலோசகர் அலெக்ஸ் ஆலன் அறிக்கை தந்தார். பிரதமர் போரிஸ் ஜான்சன் ஏற்கவில்லை. அமைச்சர் பதவியில் இருந்தார், ஆலோசகர் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த கைட் பிரபுவும் 2022 ஜூனில் விலகினார்.

எம்.பி.க்களுக்கு இதைவிடப் பற்கள் உள்ள ஏற்பாடு உண்டு. அதனால்தான் அதைப் பிடுங்கப் பார்த்தார்கள். கன்சர்வேட்டிவ் எம்.பி. ஓவன் பேட்டர்சன், தனக்குச் சம்பளம் கொடுத்த இரண்டு நிறுவனங்களுக்காக அமைச்சர்களிடமும் அரசு அமைப்புகளிடமும் பேசினார் என்று நாடாளுமன்றத் தரநிலைக் குழு கண்டறிந்து, 30 நாள் இடைநீக்கம் பரிந்துரைத்தது. ஏன் 30 நாளுக்கு இவ்வளவு பதற்றம்? 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 அமர்வு நாட்களோ அதற்கு மேலோ இடைநீக்கம் ஆனால் தொகுதியில் திரும்ப அழைக்கும் மனு திறக்கும். ஆறு வாரத்தில் 10 சதவீத வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் பதவி காலி. 2021 நவம்பர் 3 அன்று அரசு தன் எம்.பி.க்களைக் கொறடா போட்டு இழுத்து, 250க்கு 232 என்ற கணக்கில் தண்டனையை நிறுத்தி, விதியையே மாற்றப் பார்த்தது. மறுநாளே பின்வாங்கியது. பேட்டர்சன் விலகினார். கன்சர்வேட்டிவ் கட்சி 22,949 வாக்கு வித்தியாசத்தில் வைத்திருந்த வடக்கு ஷ்ரோப்ஷையர் இடைத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் வசம் போனது. கொள்கைக் கூச்சலில் அசையாத அரசு சொந்தத் தொகுதி பறிபோகும் என்றதும் எப்படிக் குலுங்கியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரபுக்கள் சபை நியமனத்தில் ஓட்டை இன்னும் பெரிது. தகுதியைப் பார்க்கும் ஆணையம் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம், பிரதமர் கேட்க வேண்டிய அவசியமில்லை. ஆணையம் வேண்டாமென்ற கன்சர்வேட்டிவ் நன்கொடையாளர் பீட்டர் க்ரடஸை 2020 டிசம்பரில் ஜான்சன் நியமித்தார். 2021 பிப்ரவரியில் சபைக்குள் நுழைந்த மூன்றாம் நாள் க்ரடஸ் கட்சிக்கு 5 லட்சம் பவுண்டு கொடுத்தார். இதில் எதுவும் சட்டவிரோதமில்லை. பட்டம் விற்பதைத் தடுக்க 1925லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்துப் பட்ட வியாபாரத்துக்குப் பிறகு வந்தது. அதில் இதுவரை தண்டனை பெற்றவர் 1933இல் மாண்டி கிரெகரி ஒருவர்தான். தொழிற்கட்சிப் பிரதமர் டோனி பிளேர் காலத்து ‘காசுக்குப் பட்டம்’ போலீஸ் விசாரணை 2007இல் ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் முடிந்தது.

பிளேர் பெயரை வேண்டுமென்றே சொல்கிறேன். இது ஒரே கட்சியின் வியாதி என்று நினைத்தால் ஆட்சி மாறியதும் ஏமாற்றம்தான். 2024இல் தொழிற்கட்சி வந்த சில வாரங்களில் நன்கொடையாளர் வஹீத் அலி பிரபுவுக்குப் பிரதமர் இல்லத்துக்குள் நுழையும் பாஸ் கிடைத்தது ஏன் என்ற கேள்வி எழுந்தது. புதிய பிரதமர் ஸ்டார்மர் அன்பளிப்பாக வாங்கிய உடை, மூக்குக்கண்ணாடி விவரங்கள் வெளியே வந்தன. அக்டோபரில் 6,000 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள அன்பளிப்புகளுக்கு அவர் பணம் திருப்பிக் கட்டினார். அதே அரசு சில ஓட்டைகளை அடைத்ததும் உண்மை. 2024 நவம்பரிலிருந்து ஆலோசகர் பிரதமரின் அனுமதி இல்லாமலே விசாரணை தொடங்கலாம். 2025 செப்டம்பரில் துணைப் பிரதமர் ஏஞ்சலா ரேனர் முத்திரைத்தாள் வரி விவகாரத்தில் ஆலோசகரின் அறிக்கையால் விலகினார். ஆனாலும் தண்டனை என்ன என்பதைத் தீர்மானிப்பவர் இன்றும் பிரதமர்தான்.

லாபியிங், அதாவது அரசிடம் ஆள் பிடித்துக் காரியம் சாதிக்கும் வேலை பற்றிய சட்டத்தைப் பற்றி ஒரு வரி. கிரீன்சில் நிதி நிறுவனத்துக்காக முன்னாள் பிரதமர் கேமரன் 2020இல் நிதியமைச்சர் ரிஷி சுனக்குக்கு நேரடியாகச் செய்தி அனுப்பினார். பதிவு செய்யவில்லையே என்று கேட்டால், 2014ஆம் ஆண்டுச் சட்டம் வெளியாருக்காக வேலை பார்க்கும் ஆலோசக லாபியிஸ்டுகளை மட்டுமே பதியச் சொல்கிறது. கேமரன் நிறுவனத்தின் ஊழியர், ஆகவே தேவையில்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது கேமரன் அரசு.

இனி ஊடகம். இங்கே கோபம் அடிக்கடி தப்பான முகவரிக்குப் போகிறது. பிரிட்டனில் பத்திரிகையும் தொலைக்காட்சியும் இரு வேறு சட்ட உலகங்கள். பத்திரிகை பக்கச்சார்பாக இருக்கலாம், அது உரிமை. தேசிய நாளிதழ் விற்பனையில் 90 சதவீதம் மூன்று நிறுவனங்களிடம் இருப்பதாக மீடியா ரிஃபார்ம் கோயலிஷன் என்ற அமைப்பு கணக்கிட்டிருக்கிறது: மெயில் குழுமம், சன்னும் டைம்ஸும் வைத்திருக்கும் நியூஸ் யுகே, மிரரும் எக்ஸ்பிரஸும் வைத்திருக்கும் ரீச். தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் நடுநிலை சட்டக் கடமை, அதைக் கண்காணிப்பது ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு. இதை மாற்றிப் போட்டு ‘டெய்லி மெயில் ஒருதலைப்பட்சம்’ என்று புகார் எழுதினால் குப்பைக்கூடைதான்.

பக்கச்சார்பு நிகழும் விதமும் பலர் நினைப்பதுபோல முதலாளி தினமும் போன் போடுவதால் மட்டும் அல்ல. உள்தகவல் கிடைக்கும் வாசலை யார் வைத்திருக்கிறார்கள் என்பது முக்கியம். 2020 பிப்ரவரியில் பிரதமர் இல்லத்தில் ஒரு விளக்கக் கூட்டத்துக்கு வந்த செய்தியாளர்களைக் கம்பளத்தின் இரு பக்கமும் நிற்க வைத்து, ஒரு பக்கத்தார் உள்ளே வரலாம், மற்றவர்கள் போகலாம் என்றார்கள். அன்று அனுமதி கிடைத்தவர்களும் சேர்ந்து வெளிநடப்பு செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் அன்றாடம் அந்தக் கம்பளம் கண்ணுக்குத் தெரியாமல் விரிந்தே கிடக்கிறது. பிரத்யேகச் செய்தி வேண்டும் என்றால் கொடுப்பவரைப் பகைக்க முடியாது.

பிபிசிக்கு வேறு வகை நெருக்கடி. தலைவரை நியமிப்பது அரசு. 2021இல் தலைவரான ரிச்சர்ட் ஷார்ப் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 4 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தவர், கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் சுனக்கின் பழைய மேலதிகாரி. ஜான்சனுக்கு 8 லட்சம் பவுண்டுவரை கடன் உத்தரவாதம் ஏற்பாடானதில் தன் பங்கை முழுமையாகச் சொல்லவில்லை என்று விசாரணை அறிக்கை வந்ததும் 2023 ஏப்ரலில் விலகினார். அதே பிபிசியில் 2025 நவம்பரில் டிரம்ப் பேச்சை வெட்டி ஒட்டிய விவகாரத்தில் தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவுத் தலைவியும் பதவி விலகினார்கள். அந்தக் குற்றச்சாட்டு வலதுசாரித் தரப்பிலிருந்து வந்தது. இரு பக்கமும் திட்டுவதால் பிபிசி சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள் சிலர். அது சோம்பேறித்தனமான வாதம். இரண்டு தரப்பின் புகாரும் தனித்தனியே உண்மையாக இருக்க முடியும்.

சரி, செய்யக்கூடியதற்கு வருவோம். ஒரு ஒப்பந்தத்தின் மேல் சந்தேகம் என்றால் வரிசை இது. முதலில் அரசு ஒப்பந்த அறிவிப்புகள் வரும் ‘ஃபைண்ட் எ டெண்டர்’ தளம். பழையவை என்றால் ‘கான்ட்ராக்ட்ஸ் ஃபைண்டர்’. ஸ்காட்லாந்துக்குத் தனித் தளமும் தனிச் சட்டமும். 2025 பிப்ரவரி 24 முதல் அமலான புதிய கொள்முதல் சட்டப்படி, போட்டியில்லாமல் ஒருவருக்குக் கொடுப்பதானால் முன்கூட்டியே அறிவிப்பு வர வேண்டும், ஒப்பந்தம் ஆனபின் பொதுவாக 30 நாளில் விவரம், 50 லட்சம் பவுண்டைத் தாண்டினால் 90 நாளில் ஒப்பந்த நகலும் வர வேண்டும். அங்கே காட்டும் தொகை பல சமயம் உச்சவரம்பு. உண்மையில் எவ்வளவு போனது என்று பார்க்க, துறைகள் மாதாமாதம் வெளியிடும் 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட செலவுப் பட்டியலைப் பாருங்கள். உள்ளாட்சி மன்றங்கள் என்றால் 500 பவுண்டிலிருந்தே. ‘20 கோடி கொடுத்தார்கள்’ என்று எழுதி, செலவானது 3 கோடி என்று தெரிந்தால் உங்கள் வாதம் முழுவதும் சாயும்.

அடுத்து நிறுவனங்களின் அரசுப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ், இலவசம். நிறுவனம் பதிவான தேதி, கடைசிக் கணக்கு, இயக்குநர்கள், 25 சதவீதத்துக்கு மேல் கட்டுப்பாடு உள்ளவர்கள். பெயரைப் பெயராக மட்டும் பொருத்தாதீர்கள். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். அங்கே பிறந்த மாதமும் ஆண்டும் இருக்கும், அதை வைத்து உறுதிசெய்யுங்கள். பிறகு தேர்தல் ஆணையத்தின் நன்கொடைத் தரவுதளம். கட்சித் தலைமைக்கு 11,180 பவுண்டுக்கு மேல் வந்தவை காலாண்டுதோறும் அதில் ஏறும், 2024க்கு முன் வரம்பு 7,500. இயக்குநர் பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் அவருடைய மற்ற நிறுவனங்களின் பெயரில் தேடுங்கள். பிரிட்டனில் பதிவாகி அங்கே தொழில் செய்யும் நிறுவனம் லாபமே இல்லாமலும் நன்கொடை தரலாம். கடைசியாக எம்.பி.க்களின் நிதி நலன் பதிவேடு, அமைச்சர்களின் சந்திப்புப் பட்டியல். சந்திப்புப் பட்டியலில் ‘பொதுவான கலந்துரையாடல்’ என்று இருந்தால் சோர்ந்துவிட வேண்டாம், தேதி கிடைத்துவிட்டது. அந்தத் தேதி தகவல் மனுவுக்கு விதை.

தகவல் பெறும் சட்டம் 2000, நம் ஊர் ஆர்.டி.ஐ.யைவிடச் சில வகையில் தாராளம். இந்தியாவில் குடிமகன் கேட்க வேண்டும், பத்து ரூபாய் கட்ட வேண்டும். அங்கே உலகில் யாரும் கேட்கலாம், கட்டணமில்லை, சொந்தப் பெயரும் பதில் அனுப்ப முகவரியும் போதும், மின்னஞ்சல் முகவரியே செல்லும். 20 வேலை நாளில் பதில். மனுக்கள் தோற்பதற்கு முதல் காரணம் பேராசை. மத்திய அரசுத் துறைக்குச் செலவு வரம்பு 600 பவுண்டு, மணிக்கு 25 பவுண்டு என்ற கணக்கில் 24 மணி நேர வேலை. மற்ற பெரும்பாலான அமைப்புகளுக்கு 450 பவுண்டு, 18 மணி நேரம். ‘அமைச்சருக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடந்த எல்லாத் தொடர்பும்’ என்று கேட்டால் 12ஆம் பிரிவைக் காட்டி ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: “2020 மே 1 முதல் ஜூன் 15 வரை, இன்ன அமைச்சரின் தனி அலுவலகத்துக்கும் இன்ன நிறுவனத்துக்கும் இடையே போன மின்னஞ்சல்கள். நிறுவனத்தின் பெயரைத் தேடுசொல்லாக வைத்துத் தேடவும். அரசு வேலைக்குப் பயன்படுத்திய வாட்ஸப் செய்திகளும் சேர்த்து. வரம்பைத் தாண்டினால் 16ஆம் பிரிவுப்படி எப்படிச் சுருக்கலாம் என்று சொல்லவும்.” ஒரே விஷயத்தை நான்காக உடைத்து ஒரே வாரத்தில் அனுப்பினால் கூட்டிக் கணக்கிடுவார்கள். 60 வேலை நாள் இடைவெளி விடுங்கள்.

மறுப்பு வந்தால் எந்தப் பிரிவு என்று பாருங்கள். வணிக நலன் என்றால் 43, கொள்கை உருவாக்கம் என்றால் 35. இரண்டுக்கும் பொதுநலனோடு நிறுத்துப் பார்த்ததை அவர்கள் எழுதிக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடமான பின் வணிக நலன் எப்படிப் பாதிக்கும் என்பதுதான் உங்கள் எதிர்க்கேள்வி. 40 வேலை நாளுக்குள் உள் மறுபரிசீலனை கேளுங்கள், அது முடிந்து ஆறு வாரத்துக்குள் தகவல் ஆணையரிடம் போங்கள், அங்கும் சரிவராவிட்டால் 28 நாளில் தீர்ப்பாயம். ஒவ்வொரு தேதியையும் குறித்து வையுங்கள். நியாயம் இருந்தும் கெடு தவறித் தோற்கும் மனுக்கள் நிறைய.

பத்திரிகைப் புகாரில் ஒரே விதி: சாய்வைப் பிடிக்காதீர்கள், பிழையைப் பிடியுங்கள். பெரும்பாலான பத்திரிகைகள் தாங்களே சேர்ந்திருக்கும் கண்காணிப்பு அமைப்பான இப்ஸோவின் நெறிமுறையில் முதல் பிரிவு துல்லியம். செய்தி ஆதரிக்காத தலைப்பும் அதில் அடங்கும். 2019 ஜனவரியில் டெலிகிராஃப் பத்தியில் ஜான்சன், உடன்பாடு இல்லாத பிரெக்சிட்தான் மக்களிடம் அதிக ஆதரவு பெற்றது என்று கருத்துக்கணிப்பைச் சுட்டி எழுதினார். ஒரு வாசகர் புகார் செய்தார். கேலி கலந்த கருத்துக் கட்டுரை என்று பத்திரிகை வாதாடியது. அப்படிச் சொல்லும் கணிப்பைக் காட்ட முடியவில்லை, திருத்தம் போட வேண்டியதாயிற்று. அதே வாசகர் ‘ஜான்சன் ஒருதலைப்பட்சம்’ என்று எழுதியிருந்தால் கதை முதல் நாளே முடிந்திருக்கும். வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் கெடு. தவறான வரி, சரியான தகவல், அதற்கான ஆதாரம் என்று மூன்றையும் ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். கார்டியனும் ஃபைனான்ஷியல் டைம்ஸும் இப்ஸோவில் இல்லை, அவற்றுக்கு நேரடியாக எழுத வேண்டும். இப்ஸோ பத்து லட்சம் பவுண்டுவரை அபராதம் போடலாம் என்று காகிதத்தில் உண்டு. அதை நம்பி இறங்க வேண்டாம், கிடைப்பது திருத்தம்தான். பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவசன் விசாரணை 2012இல் கேட்ட கட்டமைப்பு முழுதாக வரவில்லை. அதற்குப் பற்களாக இருந்திருக்கக்கூடிய, 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 40ஆவது பிரிவை அமல்படுத்தாமலே வைத்திருந்து 2024இல் நீக்கிவிட்டார்கள்.

பிபிசி என்றால் ஒளிபரப்பாகி 30 வேலை நாளுக்குள் பிபிசியிடமே முதலில். இரண்டு படி தாண்டி உள் புகார்ப் பிரிவு வரை போன பிறகே ஆஃப்காம். மற்ற சேனல்களுக்கு 20 வேலை நாளுக்குள் நேரே ஆஃப்காம். நிகழ்ச்சிப் பெயர், தேதி, நிமிடம், விநாடி. யாருடைய தரப்பு விடுபட்டது என்று சொல்லுங்கள். அரசியல்வாதியே செய்தி வாசிப்பது பற்றிய விதியில் மட்டும் எச்சரிக்கை. 2024இல் ஜிபி நியூஸ் சேனலில் கன்சர்வேட்டிவ் அரசியல்வாதி ஜேக்கப் ரீஸ்-மாக் விதிமீறினார் என்று ஆஃப்காம் சொன்னது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்த முடிவுகளை ரத்து செய்தது. செய்தி நிகழ்ச்சி எது, நடப்பு விவகார நிகழ்ச்சி எது என்ற கோடு அந்தத் தீர்ப்பில் ஒளிபரப்பாளருக்குச் சாதகமாக நகர்ந்தது.

கண்டுபிடித்ததை எழுதும்போது அவதூறுச் சட்டத்தை மறக்காதீர்கள். உண்மை என்று நிரூபிக்கும் பாரம் எழுதியவர் தலையில். ‘இந்தத் தேதியில் நன்கொடை, இந்தத் தேதியில் ஒப்பந்தம், நிறுவனத்திடம் விளக்கம் கேட்டோம், இதைச் சொன்னார்கள்’ என்ற அளவில் நில்லுங்கள். ‘லஞ்சம்’ என்ற ஒரு சொல் உங்கள் வீட்டைக் கேட்கும்.

கடைசிக் கதவு உங்கள் எம்.பி. தொகுதி வாக்காளர் என்று காட்டத் தெரு, அஞ்சல் குறியீட்டோடு எழுதுங்கள். வேறு தொகுதிக்காரர் கடிதத்தை மரபுப்படி அவர்கள் கையாள்வதில்லை. ‘அரசைக் கண்டியுங்கள்’ என்றால் அச்சடித்த பதில் வரும். ‘இந்த எழுத்துபூர்வக் கேள்வியைத் துறையிடம் கேளுங்கள்’ என்று கேள்வியையே எழுதிக் கொடுத்தால் கேட்க வாய்ப்பு அதிகம். அவருக்கு வேலை மிச்சம், ஆளுங்கட்சி எம்.பி.யாக இருந்தாலும் தொகுதிக்காகக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பதில் நாடாளுமன்றப் பதிவில் பெயரோடு நிற்கும். தகவலைத் திரட்டச் செலவு அதிகம் என்று தட்டிக்கழித்தாலும், தகவல் தங்களிடம் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் கேள்வியின் எண்ணையும் தேதியையும் உங்கள் அடுத்த தகவல் மனுவின் முதல் வரியாகப் போடுங்கள்.